கிப்ளிங் குடும்பத்தாரின் மோட்டார்ப் பயணக் குறிப்புகள்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 சனவரி வரை எழுதிவைத்த குறிப்பு, 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்குத் தலையாய சான்றுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. எனினும், நாட்குறிப்பினை இலக்கிய ஆராய்ச்சிக்குச் சான்றாகக் கொள்ளும் முறை நம்மிடையே போதிய அளவு வேரூன்றிற்று என்று சொல்வதற்கில்லை. நூலாசிரியர் ஒருவர் இன்ன நாளில் இன்ன ஊரில் தங்கினார் என்னும் செய்தி அவர்தம் படைப்பினை ஆராய்வார்க்கு எத்துணைப் பயன்படும்? எவ்விடத்தில் அது பயன்படாது நின்றுவிடும்? இவ் வினாக்களை எழுப்பிப் பார்த்தற்கு ஏற்ற மூலம் ஒன்றனை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஆங்கில எழுத்தாளர் ரட்யார்டு கிப்ளிங்கும் அவர் குடும்பத்தாரும் மோட்டார் வண்டியில் மேற்கொண்ட விடுமுறைப் பயணங்களைப் பற்றிய குறிப்புகளே அவை.

கிப்ளிங்கை எடுத்துக்கொண்டமைக்கு ஒரு சொல். 1865இல் பம்பாயில் பிறந்து, 1907இல் நோபெல் பரிசு பெற்ற இவர், ஏகாதிபத்தியத்தின் புலவராகவே பலராலும் அறியப்படுகின்றார். அமிர்தசரசில் நிகழ்ந்த படுகொலைக்குக் காரணமான டயர் என்னும் படைத்தலைவனுக்காகத் திரட்டப்பட்ட நிதிக்குத் தாமும் பணம் கொடுத்தவர் அவர். அதனை மறத்தலும் மறைத்தலும் கூடா. ஆயினும், ஒருவருடைய அரசியலை ஏற்காமையே அவர்தம் எழுத்தினை ஆராயாமைக்குக் காரணம் ஆகிவிடாது என்பது எம் கருத்து.

குறிப்புகள் இருவகையாக உள்ளன. ஒன்று, கிப்ளிங்கின் மனைவி கரோலைன் எழுதியது. கேரி என்று வீட்டில் அழைக்கப்பட்ட இவ் வம்மையார், 1892இல் திருமணம் நிகழ்ந்த காலந்தொட்டுக் கணவர் மறைந்த 1936 வரை ஆண்டுதோறும் நாட்குறிப்பு எழுதிவந்தார். மற்றொன்று, கிப்ளிங் தாமே மோட்டார்ப் பயணங்களுக்கென்று தனியே வைத்திருந்தது. 1911 முதல் 1926 வரையிலான பயணங்கள் இதன்கண் இடம்பெறுகின்றன. முன்னையது இன்று மூல வடிவில் இல்லை. கிப்ளிங்கின் வரலாற்றை எழுதி 1955இல் வெளியிட்ட சார்லசு கேரிங்டன் என்பார், அந் நாட்குறிப்பினைப் படித்து எடுத்துவைத்த சுருக்கங்களே எஞ்சின. மூலம் பின்னர் அழிக்கப்பட்டது. எனவே கேரியின் குறிப்பைக் கையாளுங்கால், நாம் காண்பது அவர் எழுதியது அன்று, மற்றொருவர் தம் நூலுக்கு வேண்டும் என்று தெரிந்தெடுத்தது என்பதை ஆராய்ச்சியாளர் இடையறாது நினைவிற் கொள்ளல் வேண்டும். கிப்ளிங்கின் பயணக் குறிப்போ குடும்பத் தாள்களோடு சசெக்சுப் பல்கலைக் கழகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பயணக் குறிப்பினைப் பெரிதும் எதிர்பார்த்து நாடுவார்க்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். கடந்த தொலைவு, சாலையின் நிலை, தங்கிய விடுதியின் தூய்மை, உணவின் சுவை, மழை, வண்டியில் நேர்ந்த கோளாறு ஆகியவற்றையே பேசுவது அது. மோட்டார்ச் சங்கத்தார்க்குப் பயன்படும் என்று சாலைகளையும் விடுதிகளையும் பற்றிய செய்திகளை எழுதியனுப்பும் வழக்கமும் அவருக்கு இருந்தது. 'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது. இன்று பொருட்செலவைக் குறிக்கின்றது. கேரியோ வீட்டுக் கணக்கினைக் கண்டிப்பாக நோக்கியவர். இக் குடும்பத்தாரின் செலவுக் குறிப்பு என்று நாம் சொன்னால் அவ் விரு பொருளும் ஒருசேரப் பொருந்தும்.

இவ் வறண்ட குறிப்பின் அருமையை உணர்தற்கு, மோட்டார் வண்டி அக்காலத்தில் எத்தகைய புதுமையாக இருந்தது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், சாலையிற் செல்லும் பொறிவண்டிகள் மணிக்கு 4 மைலுக்கு மேற்படாமல் செல்லவேண்டும் என்றும், ஊருக்குள் 2 மைலே செல்லலாம் என்றும், செங்கொடி ஏந்திய ஆள் ஒருவன் முன்னே நடத்தல் வேண்டும் என்றும் விதித்தது. கொடி பிடிக்கும் கட்டாயம் பின்னர்த் தளர்ந்தது. 1896இல் வேகவரம்பு உயர்ந்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 20 மைலாக்கிற்று. கிப்ளிங் முதன்முதலாக மோட்டார் வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டது 1899இல் ஆகும். நீராவியால் ஓடும் லோகோமொபீல் வண்டியை அதன்பின் வாங்கினார். அஃது ஓடியதினும் நின்றதே மிகுதி. அடுத்து லான்செஸ்டர் வண்டி வந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் ஜேன் கேக்பிரெட் என்பதாகும். குடித்துவிட்டுப் பன்முறை நீதிமன்றம் ஏறியதனால் பெயர் பெற்ற இலண்டன் மூதாட்டி ஒருத்தியின் பெயர் அது! வண்டியின் நடையை விளக்க இதனினும் சுருங்கிய உரை வேண்டுவதின்று. 1911 அளவில் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிக்கு மாறிய பின்னரே கடல் கடந்த நெடும்பயணங்கள் இயல்பாயின. ஓட்டுநர் ஒருவரை அமர்த்தி, வண்டியை அவர் கையில் விட்டுத் தாம் வழியையும் ஊர்களையும் நோக்கிச் செல்வதே அவர் முறை.

மோட்டார் வண்டியைப் பொறுத்தவரை அவரிடம் ஒரு நுட்பமான எண்ணம் இருந்தது. தொலைவைக் குறைக்கும் கருவியாக மட்டும் அதனை அவர் கருதவில்லை; காலத்தைக் கடக்கும் கருவியாகவும் கண்டார். வண்டி ஏறிச் சில நாழிகை சென்றால் உரோமர் இட்ட சாலையையும், நார்மானியர் எழுப்பிய கோயிலையும், வேற்று நூற்றாண்டில் வாழ்வாரைப் போன்ற சிற்றூர் மக்களையும் அடுத்தடுத்துக் காணலாம். இவ்வெண்ணத்தின் இருண்ட பக்கத்தையே 1904இல் வெளிவந்த 'அவர்கள்' என்னும் சிறுகதையில் காண்கின்றோம். கதை சொல்வோன் சசெக்சுப் பகுதியில் மோட்டார் வண்டியிற் செல்லுங்கால் வழிதவறி, பார்வையற்ற பெண்ணொருத்தியின் வீட்டை அடைகின்றான். அவ் வீட்டுச் சோலையிலும் பலகணிகளிலும் குழந்தைகள் தோன்றித் தோன்றி மறைகின்றனர். அவர்கள் இறந்த குழந்தைகள் என்பதும், அவர்களுள் தன் குழந்தையும் ஒன்று என்பதும், தன் உள்ளங்கையில் பதிந்த ஒரு முத்தத்தால் இறுதியில் அவனுக்குப் புலனாகின்றன. கிப்ளிங்கின் மூத்த மகள் ஜோசபின் 1899 மார்ச்சு மாதத்தில் நியூயார்க்கு நகரில் நுரையீரற் காய்ச்சலால் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 6. அதே ஆண்டில்தான் அவர் முதல் மோட்டார் வண்டியும் வந்தது. இவ்விரண்டனையும் காரண காரியமாக முடிச்சிடுதல் தவறு. ஆயினும், 'வண்டியில் வழிதவறுதல்' என்னும் நிகழ்ச்சியும் 'இறந்த குழந்தையைக் காணுதல்' என்னும் நிகழ்ச்சியும் அவர்தம் கற்பனையில் ஒரே பாதையில் அமைந்துவிட்டன என்னும் அளவில் துணிந்து கூறலாம்.

போருக்கு முந்திய பிரெஞ்சுப் பயணங்கள் மகிழ்ச்சி மிக்கவை. குளிர்காலத்தில் பிரெனீசு மலையடிவாரத்து வெர்னே-லெ-பேன் என்னும் வெந்நீர் ஊற்று ஊரில் குடும்பம் தங்குவதுண்டு. கேரியின் மூட்டுவலிக்கு அவ்வூர் நீர் நன்று என்பது கருத்து. பிரான்சு நாட்டுச் சாலைகள் அக்காலத்து ஐரோப்பாவில் சிறப்பு வாய்ந்தவை: நேர்கோடிட்டாற்போல் நெடிது செல்பவை, இருமருங்கும் மரம் நிழல் செய்வன, கிலோமீட்டர்க் கற்கள் ஒழுங்காக நாட்டப்பட்டன. இச் சாலைகளின் வழியே அந்நாட்டைத் தாம் அறிந்த கதையைப் பின்னாளில், 1933இல், ஒரு தனி நூலாகவே அவர் எழுதினார். இப் பகுதியை விரித்துரைக்க வேண்டா. இன்பப் பயணங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரு தன்மையவே.

1915இல் குறிப்புகளின் தன்மை மாறுகின்றது. மகன் ஜானுக்குக் கண்பார்வை குறைவு. அதனால் படையில் சேர்க்க மறுத்துவிட்டனர். தந்தை சும்மா இருந்திலர். தம் நண்பரும் முதுபெரும் படைத்தலைவருமான இராபர்ட்சு பிரபுவிடம் சொல்லி, ஐரிசு காவற்படையில் மகனுக்குப் பதவி பெற்றுத் தந்தார். 1915 ஆகஸ்டில் ஜான் பிரான்சுக்குப் புறப்பட்டான். அன்றைய நாளைப் பற்றிக் கேரி எழுதியது கேரிங்டன் எடுத்த சுருக்கத்தில் எஞ்சியிருக்கின்றது. மாடிப்படியின் மேல் நின்று திரும்பி நோக்கித் தந்தைக்குத் தன் அன்பைச் சொல்லுமாறு மகன் கூறிச் சென்றதையும், அவ்வேளை அவன் தோற்றம் எத்துணை இளமையாக இருந்தது என்பதையும் அவர் குறித்துள்ளார். தந்தை அப்போது வீட்டில் இல்லை. போர்முனையைக் கண்டு எழுதுதற்காகப் பிரான்சில் இருந்தார். செப்டம்பர் 27இல் லூஸ் என்னுமிடத்துப் போரில் ஜான் காணாமற் போனான். பதினெட்டு வயது நிரம்பி ஆறு கிழமைகளே ஆகியிருந்தன. உடல் கிடைக்கவில்லை.

இதன் பின்னர் அதே குடும்பம், அதே வகை வண்டியில், அதே கடலைக் கடந்து, அதே நாட்டுச் சாலைகளிற் சென்றது. ஆனால், செல்லும் இடங்கள் வேறாயின. 1917இல் நிறுவப்பட்ட ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையத்தில் கிப்ளிங் உறுப்பினரானார். கல்லறைகளில் பொறிக்கத்தக்க தொடர்களை ஆராய்ந்து கூறுவது அவர்க்கு இடப்பட்ட பணி. பெயர் அறியப்படாத வீரரின் கல்லில், இறைவன் இவனை அறிவான் என்னும் பொருள்படப் பொறிக்கப்படும் தொடர் அவர் தந்ததே. மகன் பணியாற்றிய படையின் வரலாற்றையும் இரு தொகுதிகளாக எழுதி 1923இல் வெளியிட்டார். 1920 முதற்கொண்டு அவர்தம் பயணங்களில் விடுதியும் கல்லறைத் தோட்டமும் மாறி மாறி வருகின்றன. லூஸ் போர்க்களத்திற்கும் சென்றனர். இவற்றையும் விடுமுறைப் பயணம் என்னும் பெயராலேயே குடும்பத்தார் வழங்கினர். அப்பெயரை மாற்ற யாரும் எண்ணினாரில்லை.

நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. உள்ளத்து நிகழ்வது எதனையும் பயணக் குறிப்பு பேசவில்லை. சாலை, தொலைவு, விடுதி, மழை என்னும் பழைய தலைப்புகளே தொடர்கின்றன. அவர் இறந்தபின் 1937இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலும் மகளின் இறப்பும் மகனின் இறப்பும் இடம்பெறவில்லை. இதனைக் கண்டு, கிப்ளிங் நெஞ்சுரம் மிக்கவர் என்பாரும், உணர்ச்சி வறண்டவர் என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா என்பது எம் துணிபு. பயணத்தின் வழியை எழுதியவர், பயணத்தின் காரணத்தை எழுதாது விட்டார். எழுதியதைக் கொண்டே எழுதாததன் இடத்தை நாம் அளக்க முடிகின்றது. நில அளவையாளன் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தை அளந்து கிணற்றின் வாயை வரைபடத்தில் வெற்றிடமாக விடுவது போன்றது இது.

அவ் வெற்றிடத்தினின்றும் வெளிப்பட்டதொரு படைப்பு உண்டு. 1925 மார்ச்சு 14ஆம் நாள் குடும்பம் ரூவான் நகரில் இருந்தது. கிப்ளிங் அந்நகரத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, தலைமைத் தோட்டக்காரரோடும் ஒப்பந்தக்காரரோடும் உரையாடினார். அங்கே 11,000 கல்லறைகள் இருப்பதாகத் தம் நண்பர் ரைடர் ஹாகார்டுக்கு அன்றே மடல் எழுதினார். அன்று மாலையே ஒரு சிறுகதையைத் தொடங்கினார். பகலில் வண்டிப் பயணம். இரவில் விடுதி அறையில் எழுத்து. மார்ச்சு 22இல் தெற்கே லூர்து நகரில் கதை முடிந்தது. ரூவானுக்கும் லூர்துக்கும் இடையே நேர்வழியிலேயே 700 கிலோமீட்டருக்குக் குறையாது. அக்கதையே 'தோட்டக்காரன்', 1926இல் வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்றது, அவர்தம் கதைகளுள் தலைசிறந்தது என்று பலராலும் கொள்ளப்படுவது.

கதையின் பொருள் இது. ஹெலன் டரல் என்பாள் தன் தமையன் மகன் என்று ஊரார்க்குச் சொல்லி மைக்கேல் என்னும் குழந்தையை வளர்க்கின்றாள். அவன் போரில் மடிந்து, உடலும் நெடுநாள் அறியப்படாது கிடந்து, பின் கல்லறை கண்டறியப்படுகின்றது. அவள் அதனைக் காணச் செல்கின்றாள். செல்லும் வழியில், பிறர்க்காகக் கல்லறைகளை நிழற்படம் எடுத்துத் தருவதாகக் கூறித் திரியும் ஒருத்தி, தன் மறைந்த காதலைத் தாங்கமாட்டாது ஹெலனிடம் வெளியிடுகின்றாள். ஹெலனோ தன் மறைபொருளை அவளிடமும் வெளியிட்டாளில்லை. மறுநாள் தோட்டத்தில் மண்ணில் செடி நட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் தமையன் மகனின் கல்லறை எங்கே என்று கேட்கின்றாள். அளவிலா இரக்கத்தோடு அவளை நோக்கிய அவர், அவள் மகன் கிடக்கும் இடத்தைக் காட்டுவதாகச் சொல்கின்றார். அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிக்கொண்டே அவள் திரும்பிச் செல்கின்றாள். யோவான் எழுதிய நற்செய்தியில், உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்று எண்ணிய நிகழ்ச்சி ஈண்டு உள்ளுறையாக நிற்கின்றது என்பது வெளிப்படை.

கதையில் வரும் கல்லறைத் தோட்டத்தில் 21,000 பேர் துயில்கின்றனர். ரூவானில் கிப்ளிங் கண்டதோ 11,000. இந்த வேறுபாடு சிறிதன்று. லூஸ் போர்க்களத்தில் உடல் கிடைக்காதவர்க்கு எழுப்பப்பட்ட நினைவுச் சுவரில் 20,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஜானின் பெயரும் அவற்றுள் ஒன்று. ரூவானின் கல்லறைகளோடு லூசின் பெயர்களைக் கிப்ளிங் கலந்துவிட்டார் என்று சொல்லிவிட எவர்க்கும் ஆசை எழும். எமக்கும் எழுந்தது. ஆயினும் அச் சுவர் திறக்கப்பட்டது 1930இல். கதை முடிந்தது 1925இல். ஆகவே அவ் வாசையை அடக்கிக்கொள்வதே முறை. பெருக்கிச் சொன்னார் என்பதற்கு மேல் இதனின்றும் எதுவும் பெறப்படாது.

இவ்வாறே, ஹெலன் மறைத்த உண்மைக்கும் கிப்ளிங்கின் வாழ்க்கைக்கும் ஒப்புமை தேடுவாரும் உளர். மகனுக்குப் பதவி வாங்கித் தந்த தந்தையின் குற்றவுணர்வே கதையாயிற்று என்பர். நாட்குறிப்பு இதற்கு ஆதரவும் தரவில்லை, மறுப்பும் தரவில்லை. நாளையும் ஊரையும் மட்டும் தந்து அமைகின்றது. தொல்காப்பியர் அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று விதித்ததை நம் மாணவர் நன்கறிவர். பெயரை நீக்கினால் ஒருவர்க்குரிய துன்பம் எல்லார்க்கும் உரியதாகும் என்பது அவ் விதியின் பயன்களுள் ஒன்று. கிப்ளிங் அவ்விதியை அறிந்தவர் அல்லர். ஆயினும், தம் துன்பத்தைத் தந்தையின் துன்பமாகக் கூறாமல், திருமணமாகாத ஒரு தாயின் துன்பமாகக் கூறிய இடத்தில், அவ்விதி பயக்கும் பயனையே எய்தினார். ஹெலன் கல்லறையைக் கண்டாள், கிப்ளிங் காணவில்லை. இவ் வேறுபாட்டினையும் ஒப்புமையை நாடுவார் மறத்தலாகாது.

நடுகல் மரபில் வளர்ந்த நமக்கு மற்றொன்றும் தோன்றுகின்றது. காட்சி முதலாக வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியர் கூறும் துறைகள், வீழ்ந்தவனின் பெயரும் பீடும் கல்லில் நிற்கும் என்னும் நம்பிக்கையின் மேல் அமைந்தவை. முதல் உலகப் போரிலோ பீரங்கி அப்பெயரையே பறித்துவிட்டது. பெயரில்லாத கல்லுக்கு என்ன எழுதுவது என்னும் இடர்ப்பாடு பழைய மரபுகள் எதிர்கொள்ளாதது. 1927 அக்டோபரில் நவ்-ஷாப்பேல் என்னும் ஊரில் இந்திய வீரர்க்கான நினைவகம் திறக்கப்பட்டபோது கிப்ளிங்கும் உடனிருந்தார். கல்லறை அறியப்படாத 4,700க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் அங்கே உள்ளன. அவர்களைப் பெற்றோருள் எவரும் பிரான்சின் சாலைகளில் வண்டியேறிச் சென்று மகன் கிடக்கும் மண்ணைத் தேடியிருத்தல் அரிது. நாட்குறிப்பு எழுதியிருத்தல் அதனினும் அரிது. ஒரு குடும்பத்தின் தேடலை இத்துணை நுணுக்கமாக நாம் ஆராய முடிவதே, அக்குடும்பத்திற்கு வண்டியும் எழுத்தும் ஓய்வும் இருந்தமையால்தான்.

கிப்ளிங்கின் பயணக் குறிப்பு 1926ஓடு நின்றது. பயணங்கள் அதன் பின்னும் தொடர்ந்தன. 1928இல் செய்யப்பட்ட அவர் ரோல்ஸ் ராய்ஸ் வண்டி, சசெக்சில் பேட்மன்ஸ் என்னும் அவர்தம் இல்லத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அவர் மறைந்து 56 ஆண்டுகள் கழிந்து, 1992இல், லூசை அடுத்த ஹேன் என்னும் ஊரில் உள்ள தோட்டத்தில், பெயர் அறியப்படாதிருந்த ஐரிசு காவற்படை அதிகாரி ஒருவரின் கல்லறை ஜானுடையதே என்று கல்லறை ஆணையம் முடிவு செய்தது. ஐயங்களும் மறுப்புகளும் எழுந்தன. 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி அம் முடிவினை வலியுறுத்திற்று. கல்லை மாற்றிப் பெயர் பொறித்தனர். அதற்கு முன் பல ஆண்டுகளாக அக் கல்லறையின்மேல் பொறிக்கப்பட்டிருந்தது, பெயரில்லாதார்க்கென்று கிப்ளிங் எழுதித் தந்த அத் தொடரே.